கிடைத்ததாகக் கருதப்படும்

"பதினோராம் பந்தி: அழைப்புக் கடிதம் தபாலில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து ஏழாம் நாள், அது உரியவருக்குக் கிடைத்ததாகக் கருதப்படும். தமக்குக் கிடைக்கவில்லை என்று உரியவர் எழுத்தில் அறிவித்தால், முப்பது நாட்களுக்குள் அவருக்கு எழுத்தில் பதில் அளிக்கப்படும்."

மண்சரிவு அபாயமுள்ள லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்களை எடுத்து வேறு இடத்தில் வீடு கட்டிக் குடியேற்றும் வேலைக்காக, பதுளையில் நான் உத்தியோகம் பார்த்த அலுவலகம் வெளியிட்ட நடைமுறைக் குறிப்பில் உள்ள பந்தி இது. இரண்டே வாக்கியங்கள். முதலாவது அலுவலகத்தைக் காப்பாற்றுகிறது. இரண்டாவது ஆளைக் காப்பாற்றுகிறது. முதலாவதை அந்த அலுவலகத்தில் வாசலில் நிற்கும் காவலாளி வரை எல்லோரும் பார்க்காமல் சொல்வார்கள். இரண்டாவது அங்கே இருக்கிறது என்ற பேச்சு வந்தபோது, "இது எப்ப சேர்த்தது?" என்று ஒருவர் கேட்டார்.

நான் எப்படி மறுபடியும் அந்தப் பந்தியிடம் போய் மாட்டிக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் கிரேக்கர்கள்.

ஓய்வு பெற்ற நாளில் சக ஊழியர்கள் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரமும் ஒரு தடித்த புத்தகமும் தந்தார்கள். கடிகாரம் மூன்றாம் மாதம் நின்றது. புத்தகம் பழைய கிரேக்கத்துச் சிந்தனையாளர்களைப் பற்றியது. அதை யார் எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பஸாரில் ஒரு புத்தகக் கடையை மூடப் போகிறார்கள் என்று அப்போது கேள்விப்பட்டிருந்தேன். முப்பத்து நான்கு வருடம் கோப்புகளைத் தவிர வேறெதையும் வாசிக்காத நான், கண்ணில் படலம் அறுத்து ஓய்வாக இருந்த நாட்களில் அதை வாசித்தேன். சந்தையில் சுற்றித் திரிந்து, கண்டவரை எல்லாம் நிறுத்தி, "நீ சொல்லும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்த ஒரு கிழவரைப் பற்றி அதில் நீளமாக எழுதியிருந்தது. கேட்கக் கேட்க, தெரியும் என்று வந்தவருக்குத் தெரியாது என்று தெரிந்துவிடும். கடைசியில் ஊரார் அவரை நஞ்சு குடிக்க வைத்தார்கள். தெளிவாகச் சிந்திப்பதற்கு இதைவிட நல்ல வழி இன்றும் இல்லை என்று புத்தகத்தின் முன்னுரை சொன்னது. நஞ்சைப் பற்றி முன்னுரை ஒன்றும் சொல்லவில்லை.

நானும் ஆரம்பித்தேன். ஓய்வூதியக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஒரு நாள் அதில் ஒரு முன்னாள் கணக்காளர், அண்டவெளிக் கதிர்கள் வருவதால் கைத்தொலைபேசியைத் தலைமாட்டில் வைக்கக் கூடாது என்று அனுப்பினார். யார் சொன்னது என்று கேட்டேன். விஞ்ஞானிகள் என்றார். எந்த விஞ்ஞானி? அமெரிக்காவில். அமெரிக்காவில் யார்? அவர் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார். அந்தக் குழுவில் அதற்கு வாயை மூடு என்று பொருள். இந்தச் செய்தி எந்தத் தொலைபேசியில் வந்ததோ அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதானே வாசித்தீர்கள் என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் நான் குழுவில் இல்லை. கிரேக்கத்தில் குறைந்தபட்சம் ஒரு வழக்காவது நடத்தினார்கள்.

பிறகு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சில்லறைக் கடை. முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். நான் லிகிதராகச் சேர்ந்த காலத்திலிருந்து அவரிடம்தான் சாமான் வாங்குகிறேன். "நல்ல பருப்பு வந்திருக்கு சேர்" என்றார். நல்லது என்றால் என்ன என்று கேட்டேன்.

"சேர், நல்ல பருப்புண்டா வேகிற பருப்பு. வேணுமா, வேணாமா?"

கிரேக்கர்கள் இருநூறு பக்கம் தேடியதை அவர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார். அரைக் கிலோ வாங்கினேன். வெந்தது.

வீட்டில் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்தக் கெழவருக்குப் பொண்டாட்டி இருந்தாளா?"

"இருந்தா."

"அவ என்ன சொன்னா?"

புத்தகத்தில் அது இருந்தது. ஆனால் நான் சொல்லவில்லை. அவர் தலையில் தண்ணீரை ஊற்றினாள் என்று சொன்னால் எங்கள் வீட்டிலும் குழாய் இருக்கிறது.

இப்படி நான் கேள்விகளோடு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, ஆளோடு ஒரு கேள்வி என்னைத் தேடி வந்தது. சித்திரை வருடப் பிறப்பு முடிந்து கடைகள் திறந்த முதல் வாரம். ஹல்துமுல்லைக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண் ஒருவர், நாற்பது வயதிருக்கும், பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு மண்ணிற உறைகளோடு பதுளைக்கு வந்து அலுவலகத்தில் யாரும் பேசாததால் திரும்பிப் போகும் வழியில் அந்தக் கடையில் சீனி வாங்கியிருக்கிறார். அப்போது அங்கே நின்ற என்னை முதலாளி காட்டினார்.

"இந்த ஐயா அங்கதான் பெரிய ஆளா இருந்தவரு. இப்ப கேள்வி கேக்கிறதுக்கு ஆள் இல்லாமக் கஷ்டப்படுறாரு. போய்ச் சொல்லுங்க."

"பேர வெட்டிட்டாங்க ஐயா" என்றார் அவர்.

இரண்டு உறைகளையும் பிரித்துப் பார்த்தேன். முதலாவதில், வீடமைப்புப் பட்டியலில் அவரைச் சேர்ப்பது பற்றிய விசாரணைக்கு இன்ன நாளில் வரச் சொல்லியிருந்தது. இரண்டாவதில், விசாரணைக்குச் சமுகமளிக்காமையால் அவருடைய பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாக இருந்தது.

"ஏன் போகல?"

"போற நாள் முடிஞ்சு எட்டு நாள் கழிச்சுத்தான் கடுதாசியே கைக்கு வந்துச்சு. எப்பிடிங்க போறது? பின்னால நடந்தா?"

அவருடைய லயத்தில் பன்னிரண்டு காம்பரா. ஒரு காம்பரா என்றால் ஒரு குடும்பத்துக்கான ஓர் அறையும் அடுப்படியும். மற்றப் பதினோரு பேருக்கும் முதல் பட்டியலிலேயே விசாரணை முடிந்திருந்தது. அப்போது கிராம உத்தியோகத்தர் நேரில் வந்து எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். இவருடைய காம்பரா, இறந்துபோன கணவரின் பெயரில் இருந்ததால் இவர் மட்டும் பின்னால் சேர்க்கப்பட்டார். அதனால் தனியாக ஒரு கடிதம்.

"மழைக்கு முந்தி எல்லாரும் புது வீட்டுக்குப் போயிருவாங்க. அப்பறம் அந்த லயத்துல நானும் ரெண்டு பொம்பளப் புள்ளைகளுந்தான். அடுப்படிச் செவுத்துல வெடிப்பு இருக்குங்க. மொதல்ல கத்தி நொழஞ்சுச்சு. இப்பக் கை நொழையுது."

எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை. அவர் முழங்கை வரை தொட்டுக் காட்டினார்.

அடுத்த வாரம் நான் ஹப்புத்தளை வழியாகப் பெரகலவில் இறங்கி, வேறு பஸ் பிடித்துத் தோட்டத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பெரிய கிளாக்கர் என்னைவிடப் பத்து வயது இளையவர். காதோரம் மட்டும் மை பூசாமல் விட்டிருந்தார். தேநீர் வரவழைத்தார். நான் புத்தகத்தில் படித்தபடி, ஒன்றும் தெரியாதவனைப் போல ஆரம்பித்தேன்.

"அந்தம்மாவோட கடுதாசி எப்ப வந்துச்சு?"

"டைமுக்கு வந்துச்சு சேர். பதிவு இருக்கு." பதிவுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அலுவலகத்தில் தபாலில் சேர்த்த நான்காம் நாளே வந்திருந்தது. இலக்கம், திகதி, கையொப்பம். என் காலத்தில் என் கீழ் இருந்தவர்கள் ஒருவரும் இவ்வளவு அழகாகப் பதிவு எழுதியதில்லை.

"யாருக்கு வந்துச்சு?"

"அந்தம்மாவுக்கு."

"அவங்களுக்குக் கெடச்சுதா?"

"தோட்டத்துக்குக் கெடச்சுது."

"வீடு தோட்டத்துக்கா குடுக்கிறாங்க?"

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "சேர் வக்கீலா?"

"இல்ல. பென்ஷன்காரன்."

"அதானே பாத்தேன். வக்கீலுக்கு இவ்வளவு நேரம் இருக்காது."

பிறகு விஷயத்தைச் சொன்னார். லயங்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லாக் கடிதமும் ஒரே பையில் தோட்டத்து அலுவலகத்துக்கு வரும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வெள்ளை உறை என்றால் அன்றைக்கே. மண்ணிற உறை மட்டும் தோட்டத்தை நடத்தும் துரை பார்க்காமல் லயத்துக்குப் போகாது. பல வருடங்களுக்கு முன் அப்படி ஒரு மண்ணிற உறையை அப்படியே கொடுத்துவிட்டார்களாம். அதற்குள் தோட்டத்துக்கு எதிரான ஒரு தொழில் வழக்கின் அழைப்பு. துரைக்கு வழக்கு நாளன்றுதான் தெரிந்தது. அந்தப் பழைய கிளாக்கர் வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு துரைகள் நான்கைந்து பேர் மாறிவிட்டார்கள். வழக்கம் மாறவில்லை.

"துரை லீவுல இருந்தாரு. வந்து பாத்துட்டு, நமக்கில்லைன்னாரு. மறுநாள் பெரட்டுல குடுத்துட்டோம்."

"எத்தன நாள் மேசை லாச்சியில இருந்துச்சு?"

"பதினெட்டு."

"அந்தக் கவருக்குள்ள கேஸ் இருக்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சேர். தெரியாததாலதான் குடுக்கல."

தனக்குத் தெரியாது என்பதைத் தெரிந்து வைத்திருப்பதே ஞானத்தின் ஆரம்பம் என்று புத்தகத்தில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அந்த ஞானம் பதினெட்டு நாள் ஒரு லாச்சிக்குள் பூட்டிக் கிடக்கலாம் என்று புத்தகம் எச்சரிக்கவில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. போகும்போது குடையில்லாமல் வந்த எனக்கு ஒரு குடை கொடுத்து அனுப்பினார். அதையும் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் பதுளை அலுவலகம். நான் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது முப்பது வயதைத் தாண்டாத, இந்த வேலைக்குப் பொறுப்பான ஒரு விடய உத்தியோகத்தர் இருக்கிறார். மரியாதையானவர். எழுந்து நின்றார். என் பழைய நாற்காலியையே எனக்கு இழுத்துப் போட்டு, தான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரூல்படி அவங்களுக்குக் கடிதம் கிடைச்சிருக்கு சேர். ஏழு நாள் தாண்டியிருக்கே."

"தம்பி, கடிதம் கிடைக்கிறதுன்னா என்ன?"

"கையில வாறது."

"அவங்க கையில வந்துச்சா?"

"இல்ல சேர்."

"அப்ப கிடைச்சதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நான் கிடைச்சதுண்டு சொல்லல்ல சேர். கிடைச்சதாகக் கருதுறோம்."

"கையில வராதத வந்ததாக் கருதினா, வீட்டுக்கே போகாதவங்களப் போனதாகவும் கருதலாமே. எதுக்கு வீடு கட்டணும்?"

நான் நன்றாகப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்தேன். பக்கத்து மேசைகளில் தட்டச்சு நின்றிருந்தது. கிரேக்கக் கிழவருக்கும் இப்படித்தான் சுற்றிலும் ஆட்கள் கூடியிருப்பார்கள். அந்த இளைஞர் எழுந்து போய் அலுமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து வந்து, தூசியைத் தட்டி, என் முன்னால் விரித்தார். நடைமுறைக் குறிப்பின் முதல் வரைவு. பதினோராம் பந்தி கையால் எழுதப்பட்டிருந்தது.

"இது சேர்ட கையெழுத்துத்தானே?"

என்னுடையதுதான்.

அந்த மத்தியானம் எனக்கு நினைவிருக்கிறது. "எனக்குக் கடிதம் கிடைக்கவில்லை" என்று எழுதி வரும் மனுக்கள் அப்போது மேசையில் குவிந்திருந்தன. எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பதுளையிலிருந்து ஹல்துமுல்லைக்குத் தபால் இரண்டு நாள். ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை சேர்த்தால் மூன்று. சனி, ஞாயிறு சேர்த்தால் ஐந்து. மனம் இளகி ஏழு என்று போட்டேன். தாராளமாகச் செய்துவிட்டதாக நினைத்துத் தேநீர் குடிக்கப் போனேன். தபாற்கந்தோர்வரை கணக்குப் பார்த்தவன், தபாற்கந்தோரிலிருந்து லயத்துக்குக் கடிதம் எப்படிப் போகிறது என்று பார்க்கவில்லை. என் அப்பாவே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எனக்கு வந்த பள்ளிக்கூடக் கடிதங்கள் எல்லாம் நேராக எங்கள் வீட்டு மேசைக்கு வந்தன. லயத்துக்கு எப்படி வரும் என்று அந்த வயதிலும் நான் யோசித்ததில்லை.

இன்னொன்றும் இருந்தது. இரண்டாம் வாக்கியம் வேறு மையில் இருந்தது. அதை எழுதியது நான் இல்லை. அப்போதைய என் மேலதிகாரி. முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்று அவர் சேர்த்த அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் ஒரு சிறு குறிப்பு. அது என்னுடையது.

"இது தேவையா?"

முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் நான் எழுத்தில் கேட்ட ஒரே கேள்வி.

இளைஞர் என் முகத்தைப் பார்க்காமல் கோப்பை மூடினார். "ரெண்டாவது வாக்கியம் இருக்குத்தான் சேர். ஆனா அதுக்கு அவங்க எழுத்தில அறிவிக்கணும். இன்னும் அறிவிக்கல்ல." அப்போதுதான் பக்கத்து மேசைக்காரர், இது எப்போது சேர்த்தது என்று கேட்டார்.

எனவே எழுத்தில் அறிவிப்பது என்று முடிவாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் ஏற்கெனவே நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். 'கிடைத்தல்' என்பதன் வரைவிலக்கணம் முதல் பக்கம். அதற்கு வரக்கூடிய மறுப்புகள் இரண்டாம் பக்கம். வாசித்துக் காட்டினேன். மனைவி தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"நல்லா இருக்குங்க ஐயா" என்றார் அவர். "இதுல நான் எங்க இருக்கேன்?"

"மூணாம் பக்கத்துல. 'விண்ணப்பதாரர்'னு வருதே."

"அது நானா?" அவர் என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு இடமில்லை.

எனக்குக் கொஞ்சம் கோபம். கேள்வி கேட்டுத்தான் உண்மையைக் கொண்டுவர முடியும், ஒரு காலத்தில் ஒருவர் ஒரு ஊரையே கேள்வி கேட்டார் என்று அவருக்கு விளக்கினேன்.

"எங்க பெரட்டுல வந்து கேட்டிருந்தா அரைப்பேருதான் போட்டிருப்பாங்க" என்றார். அரை நாள் வேலைதான் செய்தார் என்று எழுதிவிடுவார்கள் என்று பொருள்.

"அவருக்கு நஞ்சு குடுத்தாங்க."

"ஆத்தாடி." தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார். "அப்ப அவரு கேட்ட கேள்வி சரியாத்தான் இருந்திருக்கணும்."

பிறகு, நான் எழுத எழுத அவரே சொன்னார். ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. கடிதம் இன்ன நாளில்தான் கைக்கு வந்தது என்று ஒரு வரி. அதற்குக் கீழே மூன்று கேள்விகள். என்னைக் கூப்பிட்ட கடிதத்தை யார் கையில் கொடுத்தீர்கள்? அவர் என்னிடம் கொடுத்தாரா என்று யாராவது கேட்டீர்களா? பெரகல சந்தியில் கடையும் வீடும் வைத்துக்கொண்டு, லயத்தில் ஒரு நாளும் படுக்காதவருக்கு என் பக்கத்துக் காம்பராவின் பேரில் எப்படி வீடு எழுதினீர்கள்?

மூன்றாவதில் பேனாவை நிறுத்தினேன். "இது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லம்மா."

"இல்லீங்களா?"

"இல்ல. இது வேற புகார். வேற கடுதாசியில எழுதணும்."

"ஐயா, கேள்விய நிறுத்தக் கூடாதுன்னு இப்பத்தான சொன்னீங்க. நஞ்செல்லாம் சொன்னீங்க."

மனைவி, "எழுதுங்க" என்றாள். எழுதினேன். இந்த முறை பதில் லாச்சிக்குப் போகக் கூடாது என்பதற்காக, பதில் அனுப்ப வேண்டிய முகவரியாக என் வீட்டைக் கொடுத்தோம். அது என் யோசனை. அதைப் பற்றி எனக்குப் பெருமையாகவும் இருந்தது. மே மாத நடுவில் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

முப்பது நாள் போனது. அறுபது போனது. நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அலுவலகத்துக்குப் போனேன். என் பழைய நாற்காலி ஒவ்வொரு முறையும் கிடைத்தது. தேநீரும் கிடைத்தது. கோப்பு மேலிடத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மேலிடம் என்றால் எது என்று கேட்டேன். ஒருவர் கூரையைக் காட்டினார். மேல்மாடியில் மூன்று வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கும் ஒரு கேட்போர் கூடம் மட்டும்தான் இருக்கிறது. ஏறிப் போய்ப் பார்த்தேன். புறாக்கள் இருந்தன.

ஓகஸ்ட் மாதத்தில் அந்த இளைஞர் என்னை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து, சத்தத்தைக் குறைத்துச் சொன்னார்: "சேர், அந்த மூணாவது கேள்விய மட்டும் எடுக்கச் சொல்ல ஏலாதா? மத்த ரெண்டுக்கும் ஒருத்தரும் பதில் சொல்லப் போறல்ல, பேரத் திரும்பச் சேர்த்திட்டு முடிச்சிடுவாங்க. மூணாவதாலதான் ஃபைல் சுத்துது."

இதை அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் இருக்க முடியாது. தொலைபேசியில் அழைத்தேன். அவர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெண்களின் சத்தம். சொன்னதும் சத்தம் குறைந்தது. ஒதுங்கிப் போயிருக்க வேண்டும்.

"எடுத்தா நாளைக்கே பதில் வந்துருங்களா?"

அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. வரும் என்று சொல்லலாம். முன்பு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"தெரியாதும்மா" என்றேன்.

"தெரியாததுக்காக எதுக்குங்க எடுக்கணும்?" பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, "எடுக்கலாமா ஐயா? புள்ளைகள வச்சிருக்கேன்" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "இல்ல, இருக்கட்டும். வெடிப்பு எனக்கும் அந்தக் கடைக்காரருக்கும் ஒண்ணா? அவரு அங்க படுக்கிறதே இல்ல. இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

கிரேக்கர்களின் புத்தகத்தை அன்று திறக்கவில்லை.

செப்டம்பரில் பத்துக் குடும்பங்கள் புது வீடுகளுக்குப் போயின. பதினோராவது வீட்டுக்குப் பெரகல கடைக்காரர் வந்து பூட்டுப் போட்டுவிட்டுப் போனார். பன்னிரண்டு காம்பரா லயத்தில் ஒரு காம்பராவில் மட்டும் அடுப்பு எரிந்தது. ஒக்டோபர் பிறந்ததும் பின்னேர மழை ஆரம்பித்தது. முதல் பெரிய மழையன்று வெடிப்பு வழியாகத் தண்ணீர் மண்ணோடு வந்தது. அவர் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்விட்டார். அதன் சாவி பெரிய கிளாக்கரிடம் இருக்கிறது. விடுமுறையில் இருக்கும் துரையின் அனுமதி இல்லாமல், பதிவுப் புத்தகத்தில் எழுதாமல், ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் சாவியைக் கொடுத்தாராம். இதை அந்தப் பெண் சொன்னபோது, நான் கிளாக்கரைப் பற்றி எழுதியிருந்த வேறு சில வரிகளை இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பதில், ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தது. பதிவுத் தபால். மண்ணிற உறை. என் முகவரிக்குமேல் அவருடைய பெயர். நான் கையெழுத்திட்டு வாங்கினேன்.

அவருக்குத் தொலைபேசியில் எடுத்தேன். கிடைக்கவில்லை, அந்தப் பள்ளத்தில் மழை என்றால் தொலைபேசிக் கோபுரமும் வேலை செய்யாது, மின்சாரமும் இருக்காது. பிரித்துப் பார்க்கலாமா என்று யோசித்தேன். அது என் கடிதம் இல்லை. நல்ல செய்தி என்றால் அவரே பிரிக்கட்டும். கெட்ட செய்தி என்றால் அதை எப்படிச் சொல்வது என்று யோசிக்க நேரம் வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பெரகலவுக்கு மேலே வீதியில் மண் விழுந்து பஸ் ஓடவில்லை என்று வானொலி சொன்னது. முழங்காலும் வலித்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று உறையை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினேன்.

புதன்கிழமை மாலை ஒரு பேனா எடுக்க லாச்சியைத் திறந்தபோது அது அங்கே இருந்தது.

மனைவி பின்னால் நின்றாள். "அது யாருக்கு வந்தது?"

"அந்தம்மாவுக்கு."

"அவளுக்குக் கெடச்சுதா?"

நான் அவளிடம் பெரிய கிளாக்கரின் கதையைப் பல தடவை, நடித்தே காட்டியிருக்கிறேன். அதனால் இதற்குமேல் அவள் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் போவதற்கு என் மழைச் சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை பஸ், மண் விழுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டது. சேற்றில் நடந்து அந்தப் பக்கம் போய் வேறு பஸ் பிடித்தேன். தோட்டத்துக்குப் போகும்போது, காலைக் கொழுந்து நிறுக்கும் நேரம். நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். மண்ணிற உறையோடு ஒரு கிழவன் சேறும் சகதியுமாக வருவதைப் பார்த்து எல்லோரும் விலகி வழி விட்டார்கள். ஒருத்தி, "யாருக்குடி கேஸ்?" என்றாள்.

"எனக்குத்தான்" என்று அவர் முன்னால் வந்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டு உறையைக் கிழித்து, தாளையும் உறையையும் என்னிடம் நீட்டினார். "சத்தமா வாசிங்க ஐயா. எல்லாருக்கும் கேக்கட்டும்."

வாசித்தேன். அவருடைய பெயர் மீண்டும் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. தீபாவளி முடிந்து வரும் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசாரணைக்கு வர வேண்டும். முதல் இரண்டு கேள்விகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்றாவதில் குறிப்பிடப்பட்ட வீட்டின் பூட்டுத் திறக்கப்பட்டு, அது யாருக்கு என்பது மீண்டும் பரிசீலிக்கப்படுகிறது.

வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். பெரகல கடைக்காரரைப் பற்றி ஒருத்தி சொன்னதை இங்கே எழுத முடியாது.

"புதன்கெழமைன்னா இன்னும் ஆறு நாள் இருக்கு" என்றார் அவர். "இந்தத் தடவ முன்னாலயே வந்துருச்சு." பிறகு என் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்தார். "கையெழுத்துப் போடணுங்களா?"

போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நான் உறையைத் திருப்பி நீட்டினேன். ஈரத்தில் மை கொஞ்சம் பரவியது.

"என்ன தேதி போட?"

உறையின் மேல் தபால் முத்திரை தெளிவாக இருந்தது. நான் வாங்கிய நாளும் தபாற்கந்தோரின் பதிவில் இருக்கிறது. அலுவலகக் கோப்பில் அந்த நாளைத்தான் எழுதுவார்கள்: பதினான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை. அவருக்கு அதைச் சொல்லவில்லை.

ஒக்டோபர் பதினாறு, வியாழக்கிழமை என்றேன். எழுதினார்.